உப்புத் தண்ணீர் ஊரில் டிராக்டர் ரேடியேட்டர்: ரோட்டவேட்டர் மாட்டினால் மட்டும் சூடு ஏறுவது ஏன்?

கேள்வி: புழுதிக்காட்டான், திருப்புல்லாணி

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றைத் திருவாடானைப் பக்கத்திலிருந்து பழைய வண்டியாக வாங்கினேன். டிரெய்லரில் எருவோ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையில் போகும்போது எந்தத் தொல்லையும் இல்லை. ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு புழுதி உழவுக்கு வயலில் இறங்கினால் மட்டும், அரை மணி நேரத்துக்குள் ஹீட் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. வரப்போரம் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி ஓட்டினால், சிறிது நேரத்தில் பழைய கதைதான்.

தண்ணீரும் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டு விழுந்து பார்த்ததில்லை. உள்ளே இருப்பது கூலன்ட் அல்ல, செங்காவி நிறத் தண்ணீர். ரேடியேட்டர் மூடியின் கழுத்தைச் சுற்றியும், மேல் ஹோஸின் கிளிப்புக்கு அடியிலும், வாட்டர் பம்பின் அடிப்புறத்திலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது.

ஊரில் பார்த்த மெக்கானிக் ஒருவர் சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, நம் ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை என்றார். அதன் பிறகு முள் சற்றுத் தாமதமாக ஏறுகிறதே தவிர, ஏறாமல் இல்லை. இன்னொருவர் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்கிறார். புரட்டாசியில் விதைப்பு தொடங்குவதற்குள் உழவை முடித்தாக வேண்டும். ஹெட்டைப் பிரிப்பதற்கு முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியவை எவை? கூலன்ட் ஊற்றுவதென்றால் எந்த வகை வாங்குவது, எந்தத் தண்ணீரில் கலப்பது? எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: பணிமனைக்காரர், தேவிபட்டினம்

தம்பி, ஹெட்டில் கை வைக்க இப்போது அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளைப் பொருக்கைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே சொட்டவில்லை என்கிறீர்கள். கசிவு சிறியதாக இருந்து, கசியும் இடம் சூடாகவும் இருந்தால், தண்ணீர் சொட்டாகத் திரள்வதற்கு முன்பே ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் மட்டும் அங்கேயே தங்கிப் பொருக்காகும். ஆகவே பொருக்கு படிந்திருக்கும் ஒவ்வோர் இடமும் கசிவு இருக்கும் இடம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்பின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதன் வாயில் பொருக்கு இருந்தால் சீல் தன் வேலையை விட்டுவிட்டது என்று பொருள். சிலர் அந்தத் துளையை எம்-சீல் பசையை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் அடுத்துப் பேரிங் போகும், பிறகு ஃபேனே ஆடி ரேடியேட்டரைக் கிழிக்கும்.

மூடியின் கழுத்தில் உள்ள பொருக்கும் முக்கியமானது. அந்த மூடி வெறும் அடைப்பான் அல்ல. அமைப்புக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வும் அதுதான். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடிக்குள் ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். ரப்பர் இறுகியோ வெடித்தோ போன மூடி அந்தப் பத்தொன்பது டிகிரியையும் விட்டுக்கொடுத்துவிடுகிறது. மாற்றுவதற்கு மிகக் குறைந்த செலவு ஆகும் பாகம் இதுதான் என்றாலும், நம்மவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான். மூடியின் தலையில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். கழுத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காகக் கார் மூடியைப் போட வேண்டாம்.

இரண்டாவது, சாலையில் சூடாகாத வண்டி ரோட்டவேட்டரில் மட்டும் சூடாவது. ரோட்டவேட்டர் ஓடும்போது எஞ்சின் முழுச் சுமையில் இருக்கும், வண்டியோ ஊர்ந்து போகும், சுற்றிலும் புழுதி. ஆகவே முன்னால் இருந்து வரும் காற்று கிடையாது, ஃபேன் இழுக்கும் காற்றுதான் எல்லாம். அந்தக் காற்று போகும் வழியை எட்டிப் பாருங்கள். முன்புற வலையை மட்டும் தட்டிவிட்டு ரேடியேட்டர் சுத்தமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. வலைக்குப் பின்னால், தகடுகளின் இடுக்குகளில் சீமைக்கருவேலத்தின் காய்ந்த பூவும் சிற்றிலையும் வைக்கோல் தூசியும் ஏறி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து பாயாக இறுகியிருக்கும். ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வரும் திசைக்கு எதிராகத் தண்ணீரை விட்டுக் கழுவ வேண்டும். முன்னால் இருந்து பீய்ச்சினால் குப்பை இன்னும் ஆழமாகத்தான் போகும். கார் கழுவும் பம்பை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். கடற்காற்றில் ஏற்கெனவே அரித்துப்போன தகடென்றால் உதிர்ந்தே விடும்.

இதையெல்லாம் முடித்த பிறகு கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் அமுங்க வேண்டும். கீழ் ஹோஸை வண்டி ஓடும்போது பார்க்க வேண்டும். வேகம் கூட்டும்போது அது உள்வாங்கிச் சப்பையானால், ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கின்றன அல்லது ஹோஸ் நைந்துவிட்டது. சூடான வண்டியை நிறுத்திவிட்டு, ஃபேன் முழுவதுமாக நின்ற பின், ரேடியேட்டரின் முகப்பை ஓரத்திலிருந்து ஓரம் வரை அங்கங்கே லேசாகத் தொட்டுப் பாருங்கள். நடுவே ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பகுதிக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

கேஸ்கட் சந்தேகத்துக்கும் எளிய சோதனை உண்டு. காலையில் வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஓரிரண்டு குமிழி வருவது இயல்பு. குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, அவற்றில் டீசல் புகை வாடை அடித்தாலோ, மூடிய நிலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் எஞ்சின் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். அப்போது ஹெட்டைப் பிரிக்கலாம். ஆயில் ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ஆயில் வெளுத்துக் கூழாக இருந்தால், அல்லது ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தால், வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைத் திருப்பி மாட்டுங்கள். பல டிராக்டர்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் சுற்றி வரும் பைபாஸ் வழியை அடைத்தும் விடும். அதைக் கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். சூட்டைக் குறைப்பதற்காகக் கழற்றியது, முழுச் சுமையில் சூட்டைக் கூட்டும். சுமை இல்லாத நேரத்திலோ எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடி, டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் கரி சேரும். பழையது வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். பெரும்பாலானவை 70 முதல் 85 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். சரியான அளவு அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும்.

பதில்: பழைய ஓட்டுநர், ஆர்.எஸ். மங்கலம்

பணிமனைக்காரர் சொன்ன சோதனைகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கூலன்ட் என்ற பேச்சில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. நாங்கள் ஓட்டிய காலத்தில் கண்மாயில் வாளியை முக்கித் தண்ணீர் மொண்டு ஊற்றினோம்; வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. பனி உறையும் நாட்டுக்காரன் தண்ணீர் கட்டியாகிவிடாமல் இருக்க ஊற்றுவதை, மார்கழியிலும் வேர்க்கும் நம் ஊரில் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவானேன்? எனக்குத் தெரிந்த ஒருவர் கூலன்ட்டைக் கலக்காமல் முழுக்க ஊற்றி ஓட்டினார். அந்த வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடானது. இதற்கு விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

பதில்: வேதியியல் ஆசிரியர், இராமநாதபுரம்

ஐயா கேட்டிருப்பது நியாயமான கேள்வி. அவர் கண்ட இரண்டும் உண்மைதான். அவற்றுக்கான காரணங்களைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வெப்பத்தைச் சுமந்து செல்லும் திறனில் வெறும் தண்ணீரை மிஞ்ச, கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலால் முடியாது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே அந்தத் திறன் ஓரளவு குறையும். கலக்காமல் ஊற்றினால் மிகவும் குறையும், திரவமும் கனத்துவிடும். ஆகவே கலக்காமல் ஊற்றிய வண்டி அதிகமாகச் சூடானதில் வியப்பில்லை. அப்படியானால் நமக்கு அது எதற்கு என்றால், இரண்டு காரணங்களுக்காக. பாதிக்குப் பாதி கலவை, அழுத்தம் இல்லாத நிலையிலேயே 106, 107 டிகிரி வரை கொதிக்காது. நல்ல மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 125 டிகிரிக்கு மேலும் தாங்கும். கொதித்து ஆவியாகிவிட்ட இடத்தில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு திரவமே இருக்காது என்பதால், அந்த இடத்தில் குளிர்விப்பும் நின்றுவிடுகிறது. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது: அதில் சேர்த்திருக்கும் துருத் தடுப்பு வேதிப்பொருட்கள். நம் கரையோரத்தில் நாம் காசு கொடுப்பது உண்மையில் இவற்றுக்காகத்தான்.

டிராக்டர் எஞ்சின்கள் பலவற்றில் லைனரின், அதாவது பிஸ்டன் ஓடும் உருளைக் குழாயின் வெளிப்புறம் நேரடியாகத் தண்ணீரில் நனைந்திருக்கும். ஒவ்வொரு முறை டீசல் வெடிக்கும்போதும் லைனர் மிக நுண்ணிய அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வில் அதன் மேற்பரப்பை ஒட்டி ஆவிக் குமிழிகள் தோன்றி, உடனே நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தைக் கொஞ்சம் கொத்துகிறது. துருத் தடுப்பு உள்ள திரவத்தில், லைனரின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. வெறும் தண்ணீரில் அந்தப் படலம் கிடையாது. தண்ணீரில் குளோரைடு இருந்தால் கொத்துப்பட்ட குழி இன்னும் வேகமாக ஆழமாகும். ஒருநாள் அது மறுபுறம் வரை துளைத்துவிடும். வெளியே எந்தக் கசிவும் தெரியாமல் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்குவது பெரும்பாலும் இந்த வழியிலும், லைனரின் அடியில் உள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தின் வழியிலும்தான்.

இனி ஐயா சொன்ன கண்மாய்த் தண்ணீர். அது மழைத்தண்ணீர். மண்டி கலந்திருந்தாலும் கரைந்த உப்பு அதில் குறைவு. அந்தக் காலத்து வண்டிகளுக்குச் சுமையும் குறைவு. இப்போது அதே பழக்கத்தில், வாளியைப் போர் குழாயின் கீழ் வைக்கிறோம், வித்தியாசம் அங்கேதான். கண்மாய் வற்றிக் கடைசிக் குட்டையாக நிற்கும் பங்குனி, சித்திரையில் அந்தத் தண்ணீரிலும் உப்பு செறிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனரக எஞ்சின்களின் குளிர்விப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லைகள் இவை: ஒரு லிட்டர் தண்ணீரில் குளோரைடு 40 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, சல்ஃபேட் 100க்கு மேல் கூடாது, கடினத்தன்மை 170க்கு மேல் கூடாது, கரைந்த திடப்பொருள் மொத்தம் 340க்கு மேல் கூடாது. இதைக் குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் குளோரைடு 250 வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1000 வரை அனுமதிக்கப்படுகிறது. மொத்தக் கரைபொருளுக்கு 500, வேறு வழியில்லாவிட்டால் 2000. நாம் தடையில்லாமல் குடிக்கக்கூடிய தண்ணீரே ரேடியேட்டருக்கான எல்லையைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம் என்பது இதிலிருந்து தெரியும். குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன் என்று நம் பக்கத்தில் பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எஞ்சினைப் பொறுத்தவரை அது ஒரு சான்றிதழே அல்ல.

கடினத் தண்ணீர் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு மிகச் சூடான உலோகத்தின் மேல்தான் முதலில் படியும். அதாவது ஹெட்டிலும் லைனரின் மேல்பகுதியிலும். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன், வார்ப்பிரும்பின் திறனில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஒரு மில்லிமீட்டர் படிவு இருந்தால், வெப்பத்துக்குக் குறுக்கே ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் இரும்பைக் கூடுதலாக வைத்ததற்குச் சமம். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மேலும் போர் தண்ணீரையே ஊற்றினால், போனது வெறும் நீராவி, வந்து சேர்ந்தது மறுபடி உப்பு. உப்பளத்துப் பாத்தியில் நடப்பதே ரேடியேட்டருக்குள்ளும் நடக்கிறது.

என்ன தண்ணீர் ஊற்றுவது என்றால், தாது நீக்கிய தண்ணீர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் முதல் தரம். ஐந்து லிட்டர் கேன்களில் கிடைக்கிறது. ஆசிட் கலந்த பேட்டரி திரவத்தை எடுத்துவிடாமல் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைத்தண்ணீரும் அருமையானதுதான். ஆனால் கடற்காற்று கூரையில் உப்பைப் பூசி வைத்திருக்கும் என்பதால், முதல் ஓரிரு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்து வருவதைத் துணியில் வடிகட்டி மூடிய கேனில் பிடித்து வையுங்கள். ஆர்.ஓ. கேன் தண்ணீர் என்றால் மொத்தக் கரைபொருளைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். மீட்டர் குளோரைடைத் தனியாகக் காட்டாது. ஆனால் மொத்தக் கரைபொருளே 40ஐத் தாண்டவில்லை என்றால் குளோரைடும் தாண்டியிருக்க முடியாது என்ற எளிய கணக்கு நமக்குப் போதும். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருவதையும் இப்படி அளந்த பிறகே நம்ப வேண்டும்.

பதில்: உதிரிபாகக் கடை, கீழக்கரை

வாங்குவதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பச்சை கொடுங்கள், சிவப்பு கொடுங்கள் என்று நிறத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நிறம் என்பது கம்பெனி கலக்கும் சாயம். எந்த நிறம் எந்த வகை என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரே பச்சையில் இரண்டு கம்பெனி இரண்டு விதமான மருந்து வைத்திருக்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன தரம் சொல்லியிருக்கிறதோ அதைக் கேனின் பின்பக்கத்தில் தேடுங்கள். நம் நாட்டில் ஐ.எஸ். 5759, ஜே.ஐ.எஸ். கே 2234 ஆகிய குறிப்புகளை அதிகம் பார்க்கலாம். லைனர் நனைந்திருக்கும் டீசல் எஞ்சினுக்கு, கனரக டீசலுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதையோ ஏ.எஸ்.டி.எம். டி 6210 என்று போட்டிருப்பதையோ வாங்கினால் நல்லது. டி 3306 என்று மட்டும் இருந்தால் அது கார் போன்ற இலகு வாகனங்களுக்கானது.

அடுத்து, கேனில் இருப்பது கலக்க வேண்டிய கெட்டிச் சரக்கா, அப்படியே ஊற்றும் தயார் கலவையா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். தயார் கலவையில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கலாம் என்பதுதான் காரணம். தயார் கலவையை வாங்கிப்போய் அதிலும் தண்ணீர் சேர்த்தால் துருத் தடுப்பு மருந்து போதாது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக நீர்த்துப்போகக் கூடாது. பாதிக்குப் பாதி என்பது பாதுகாப்பான கணக்கு. மலிவான சில கேன்களில் சாயம் போட்ட தண்ணீர் மட்டுமே இருக்கும். எந்தத் தரக் குறிப்பும் இல்லாமல் 'கூலன்ட்' என்று மட்டும் அச்சிட்டிருப்பதை, நான் விற்பவனாக இருந்தும் சொல்கிறேன், தொடாதீர்கள்.

பழைய வகை சிலிக்கேட், நைட்ரைட் கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், ஆர்கானிக் ஆசிட் வகையை ஏறத்தாழ ஐந்து ஆண்டு வரையும் வைக்கலாம் என்பது பொது வழக்கு. கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. இரண்டு வகையையும் ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். சில சேர்க்கைகள் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும். அடைக்காவிட்டாலும் ஆயுள் குறையும்.

பதில்: கடற்கரை வண்டி, தொண்டி

இதோடு தொடர்புள்ள ஒரு கேள்வி. எங்கள் டிராக்டரை உழவுக்கும் ஓட்டுகிறோம், வள்ளங்களைக் கரையேற்றவும் ஓட்டுகிறோம். உள்ளே நல்ல கூலன்ட்தான் இருக்கிறது. ஆனால் ரேடியேட்டரின் தகடுகள் வெளிப்புறத்தில் பச்சை பூத்துப் பொடியாகின்றன. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: பணிமனைக்காரர், தேவிபட்டினம்

உங்களுடையது செம்புத் தகடு. பச்சை பூப்பது அதனால்தான். அலுமினியத் தகடாக இருந்தால் வெள்ளையாகப் பூக்கும். அலைத் தெறிப்பு பட்ட அன்றே, எஞ்சின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரை ஃபேன் பக்கத்திலிருந்து விட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் அந்த உப்பும் தகட்டில் சேர்ந்துகொள்ளும். டீசலோ கிரீஸோ அடித்தால் அரிக்காது என்று சிலர் செய்வது எனக்கு உடன்பாடில்லை, புழுதி உழவுக்குப் போன முதல் நாளே அது மண்ணைப் பிடித்து அடைத்துவிடும். தகடு உதிர்ந்த இடம் பரவலாக இருந்தால் ரேடியேட்டரின் கோர் என்னும் நடுப்பகுதியை (குழாய்களும் தகடுகளும்) மாற்றிக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி கேட்டவர்: புழுதிக்காட்டான், திருப்புல்லாணி

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். திறந்த மூடியோடு காலையில் ஸ்டார்ட் செய்தபோது குமிழி நிற்காமல் வரவில்லை. ஆயிலும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் மூடியின் ரப்பர் வளையம் பிளந்திருந்தது. வாட்டர் பம்பின் துளையில் பொருக்கைச் சுரண்டியதும் ஈரம் தெரிந்தது. ரேடியேட்டரின் வலையைக் கழற்றிக் கழுவியபோது கருவேலம் பூவும் தூசியுமாக விரல் தடிமனில் பாளம் பாளமாக வந்தது. சூடான பிறகு தொட்டுப் பார்த்ததில் கீழ்ப்பக்கம் இடது மூலை மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கிறது. மீட்டர் வைத்து அளந்ததில் போர் தண்ணீர் 2000ஐத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர் ஆர்.ஓ. தண்ணீர் 40க்கு இந்தப் பக்கமே நிற்கிறது.

பம்புக்கு புது சீல் கிட்டும் மூடியும் கீழக்கரைக் காக்காவின் (அண்ணனின்) கடையில் சொல்லிவிட்டேன். உள்ளே இருக்கும் துருவையும் சுண்ணாம்பையும் எப்படி அகற்றுவது? கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலந்து ஓட்டினால் பளிச்சென்று ஆகிவிடும் என்று இங்கே சொல்கிறார்கள். இறக்கும் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பதையும் சொல்லுங்கள். கொட்டில் பக்கத்திலேயே ஆடுகள் கட்டியிருக்கின்றன.

பதில்: பணிமனைக்காரர், தேவிபட்டினம்

ஆசிட் பக்கமே போக வேண்டாம். அது சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே அலுமினியத்தையும் ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் தின்னும். கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் ஃபிளஷ் திரவத்தை, அதன் லேபிளில் சொன்ன அளவிலும் நேரத்திலும் பயன்படுத்துங்கள். முதலில் ஆறிய வண்டியில் ரேடியேட்டர் அடியில் உள்ள டிரெயின் திருகையும், எஞ்சின் பிளாக்கில் உள்ள டிரெயின் பிளக்கையும் திறந்து இறக்க வேண்டும். பிளாக் பிளக்கைத் திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் காலியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். துரு மண்டி வாயை அடைத்திருக்கும், கம்பியால் குத்திவிட்டால் செக்கச்செவேல் என்று வடியும். நம் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நிலை.

ஃபிளஷ் திரவத்தோடு தண்ணீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை சுமையில்லாமல் ஓட்டி, ஆறவிட்டு இறக்குங்கள். பிறகு தெளிந்த தண்ணீர் வரும் வரை நிரப்பி இறக்குங்கள். இந்தக் கழுவல்களுக்கு ஆர்.ஓ. தண்ணீர் போதும், செலவைப் பார்த்து இடையில் போர் தண்ணீரைச் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் எவ்வளவு இறக்கினாலும் பிளாக்கின் மூலைகளில் கொஞ்சம் தங்கிவிடும். இதே காரணத்தால்தான், கழுவிய எஞ்சினில் பாதிக்குப் பாதி கலவையை வெளியே கலந்து ஊற்றினால் உள்ளே போய் நீர்த்துவிடுகிறது. மொத்தக் கொள்ளளவு பத்து லிட்டர் என்று கையேட்டில் இருந்தால், கெட்டிச் சரக்கை ஐந்து லிட்டர் முதலில் ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். தங்கிய தண்ணீரும் கணக்கில் வந்துவிடும்.

இடது மூலைக் குளிர்ச்சி ஃபிளஷ் செய்த பிறகும் மாறவில்லை என்றால், ரேடியேட்டரைக் கழற்றி மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடையில் கொடுங்கள். செம்பு ரேடியேட்டருக்குத்தான் இது முடியும்; அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளதாக இருந்தால் மாற்றுவதே நல்லது. ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய துரு சில இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்திருக்கும். அதைக் கழுவியதும் இதுவரை இல்லாத கசிவு தெரியலாம். ஃபிளஷ்தான் கெடுத்தது என்று அதன் மேல் பழி போட வேண்டாம்.

கொட்டுவதைப் பற்றிக் கேட்டது நல்லது. இப்போது இறக்கப் போவது துருத் தண்ணீர்தான் என்றாலும் ஃபிளஷ் திரவம் கலந்தது, ஆகவே ஊரணிக்கும் கிணற்றுக்கும் போகும் வாய்க்காலில் விடாதீர்கள். அடுத்த முறை இறக்கப் போகும் கூலன்ட்டில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆடும் நாயும் தேடி வந்து நக்கும், குடித்தால் சிறுநீரகம் போய் இறந்துவிடும். பிள்ளைகளுக்கும் அதே ஆபத்துதான். திறந்த பேசினில் இறக்கி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் பழக்கத்தை எங்கள் பணிமனையிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. மூடி போட்ட கேனில் பிடித்து, மேலே எழுதி ஒட்டி, கழிவு எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் மையத்தில் சேர்த்துவிடுங்கள். பழைய எஞ்சின் ஆயிலோடு கலந்து விடாதீர்கள்.

நிரப்பிய பின் மூடியைத் திறந்து வைத்தே சிறிது நேரம் ஓட்டினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மட்டம் இறங்கும், நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் நாள் ரோட்டவேட்டர் வேலை முடிந்து வண்டி ஆறியதும் ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை முடுக்கிவிட்டு மட்டத்தை மறுபடி பாருங்கள். வேலையின் நடுவே முள் ஏறினால், முள் இன்னும் சிவப்பைத் தொடவில்லை, தண்ணீரும் கொட்டவில்லை என்ற நிலையில், ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ.வை விடுவித்துச் சுமையில்லாமல் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்ட பிறகு நிறுத்துங்கள். சட்டென்று அணைத்தால் ஹெட்டில் இருக்கும் சூடு அங்கேயே தங்கிவிடும். தண்ணீர் கொட்டிவிட்டது என்றால் உடனே அணைத்துவிட வேண்டும். எந்த நிலையிலும் சூடான மூடியைத் திருகவோ, கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவோ கூடாது. முன்னது முகத்தை வேகவைக்கும், பின்னது ஹெட்டை விரிசல்விட வைக்கும். டூல் பாக்ஸ் பக்கத்தில் இரண்டு லிட்டர் கலந்த கூலன்ட்டைக் கட்டி வைத்துக்கொண்டால், வயல் நடுவில் யாருடைய போர் செட்டையும் தேட வேண்டியிருக்காது.